21-ம் நாள் வராத பிள்ளைகள்

போன வெள்ளிக்கிழமை ஊசி போடுகிற அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் நானும் என் மகளும் மட்டும்தான் இருந்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் முதல்முதலாக வந்தபோது அந்தப் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. கழுகுமலைப் பக்கமிருந்து ஒரு பையன், குருவிகுளத்திலிருந்து அக்காளும் தங்கச்சியுமாக இரண்டு பேர், எங்கள் திருவேங்கடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், எந்நேரமும் சிவப்புச் சட்டையில் வரும் ஒரு சின்னவன். 21 நாளைக்கு ஒருமுறை அதே முகங்களைப் பார்த்துப் பார்த்து, கடலைமிட்டாயைப் பிட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கும் அளவுக்குப் பழகியிருந்தோம். ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது நாங்கள் இரண்டு பேர்.

அந்த அக்கா தங்கச்சியின் அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "ஏன்மா, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரக் காணோம்?"

"அதுகளுக்கு இப்பம் ஒண்ணும் இல்லக்கா. நல்லா ஓடியாடித் திரியுதுக. எதுக்கு வீணாப் பிள்ளையப் போட்டுக் குத்திக்கிட்டு?"

அந்த "ஒண்ணும் இல்ல"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று எந்த எக்கோ ஸ்கேனில் பார்த்தீர்கள்? இதய வால்வில் இருக்கிற வடு கண்ணுக்குத் தெரியுமா, கையால் தடவினால் தட்டுப்படுமா? நோவு நின்றால் நோயும் நின்றது என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். ருமாட்டிக் காய்ச்சலில் அந்தத் தீர்ப்பு அநேகமாகத் தப்பாகத்தான் போகும்.

நம்மில் பல பேருக்கு "வால்வு வியாதி" என்று தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வந்தது தொண்டையிலிருந்து. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிறது. நாலைந்து நாளில் ஆறியும் விடுகிறது. ஆனால் அந்தக் கிருமியை அடிக்க உடம்பு கிளப்பிய படை, கிருமியின் சாடை இதயத் திசுவிலும் இருப்பதால் ஆள் மாறி அதையும் அடிக்கிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல்; இதில் மூட்டும் வீங்கும். இது நடப்பது தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து. முழங்கால் வீங்கும்போது, போன மாதம் எச்சில் விழுங்க முடியாமல் பிள்ளை அழுததை எந்த அம்மா நினைத்துப் பார்க்கிறாள்?

நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சலும் தொண்டை வலியும். மெடிக்கலில் போய், வழக்கம்போல, "ரெண்டு நேரத்துக்கு செட் மாத்திரை கொடுங்கண்ணே" என்று வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் வலது முழங்கால் உருண்டு கிடந்தது, தொட்டால் சுட்டது. மறுநாள் அது வடிந்து இடது முழங்கால் வீங்கியது. அப்புறம் கணுக்கால். வலி வீடு மாறுகிற மாதிரி மூட்டுக்கு மூட்டு மாறிக்கொண்டே போனது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்றாள் எங்கள் ஆச்சி. எண்ணெய் தேய்த்தோம், தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். சங்கரன்கோவிலுக்குப் போய் புற்றுமண் எடுத்துவந்து குழைத்துப் பூசினோம். கோமதி அம்மனை இன்றைக்கும் கும்பிடுகிறவள் நான். பூசியது தப்பு என்று சொல்லவில்லை. பூசிவிட்டு அதோடு இருந்துவிட்டதுதான் என் தப்பு. வலி மாத்திரையில் பத்து நாளில் வீக்கம் சுவடில்லாமல் போனது.

அடுத்த வருஷம் மறுபடி வந்தது. இந்த முறை மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டாள். எக்கோ எடுத்த டாக்டர் திரையில் காட்டினார். இதயத்தின் இடது பக்கம், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஈரிதழ் வால்வு. ரத்தம் ஒரே திசையில் போக வைத்த கதவு. அது சரியாக மூடாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்னால் பீறிட்டது. "முதல் தடவை மூட்டு வீங்கினப்பவே ஏன் வரலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இந்தக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் என்று மருத்துவர்களுக்குள் பழைய பேச்சு ஒன்று உண்டு. மூட்டில் எந்தச் சேதமும் நிற்காது. வால்வில் நிற்கும். அதைவிட முக்கியம், ஒருதரம் வந்த பிள்ளைக்கு மறுதரம் வர வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு தடவையும் பழைய வடுவின் மேலேயே புது வடு விழும். வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கிப்போகும். மேல்நாட்டில் நடுவயதை ஒட்டி வரும் இந்த வால்வுச் சுருக்கம் நம் நாட்டில் இருபது வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று 1963-லேயே டெல்லி மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்கு அவகாசம் குறைவு.

21 நாள் ஊசி அந்த மறுதரத்தைத் தடுக்கத்தான். பென்சதீன் பென்சிலின். வளர்ந்த பிள்ளைக்கு 12 லட்சம் யூனிட், எடை குறைந்த சின்னப் பிள்ளைக்கு 6 லட்சம். குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். தண்ணீர் விட்டதும் நர்ஸம்மா அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார். கெட்டிப் பால் மாதிரி ஆகும். கொஞ்சம் தாமதித்தால் ஊசித் துளையில் அடைத்துக்கொள்ளும், அதனால் கனத்த ஊசிதான். இடுப்புக்குக் கீழே சதையில் குத்தி, மெதுவாக, மிக மெதுவாக அழுத்துவார். அந்த நேரத்தில் என் மகள் என் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். அவள் விரல் நுனி வெளுத்துப்போகும். முடிந்ததும் நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். உங்கள் வயிறு எரிவது எனக்குத் தெரியாதா?

அந்தப் பால் சதைக்குள் உறைந்து நின்று, துளித்துளியாக ரத்தத்தில் கரைகிறது. மூன்று வாரம் வரை கிருமி ஒட்டாமல் காக்கும் அளவுக்கு இருக்கும். பிறகு வற்றிவிடும். 21 நாள் என்ற கணக்கு டாக்டருடைய பிடிவாதம் இல்லை, மருந்துடைய ஆயுசு. வருஷத்துக்கு 17 ஊசி. "இந்த மாசம் கோயில் கொடை வருது, அடுத்த மாசம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்றால் நடுவில் இருக்கும் நாளெல்லாம் கதவு திறந்து கிடக்கிறது. பருத்தி எடுப்பு நேரத்தில் நானும் ஒருதரம் இரண்டு ஊசியை விட்டவள்தான். அதன் பிறகுதான் வீட்டுக் காலண்டரில், வருஷம் பிறந்த அன்றே, 17 தேதிக்கும் சிவப்பு மையில் வட்டம் போடும் பழக்கம் வந்தது.

இந்த ஊசியால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உகாண்டா நாட்டின் வடக்கே குலு என்ற பகுதி. நம் கரிசல் காட்டைப்போல ஏழைபாழை வாழ்கிற இடம்தான். அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எக்கோ பார்த்தார்கள். எந்த நோவும் சொல்லாமல், ஓடியாடித் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளில் வால்வில் லேசான சேதம் தொடங்கியவர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 818 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நாலு வாரத்துக்கு ஒருமுறை இதே பென்சிலின் ஊசி. இரண்டு வருஷம் கழித்து மறுபடி எக்கோ. ஊசி போடாத பிரிவில் 33 பிள்ளைகளுக்கு நோய் முற்றியிருந்தது. ஊசி போட்ட பிரிவில் மூன்றே மூன்று பேருக்கு. 2021 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆராய்ச்சி இது. அந்த 33 பிள்ளைகளுடைய அம்மாக்களும் நம்மைப்போலத்தான் "ஒண்ணும் இல்ல" என்று நினைத்திருப்பார்கள்.

காதில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்புக்கே பிடிபடாத சேதம் அது. டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கரில் 6,270 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஸ்டெதஸ்கோப்பு வைத்துக் கேட்டதில் ஆயிரத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எக்கோ வைத்துப் பார்த்ததில் ஆயிரத்துக்கு 20 பேர். டாக்டரின் காதுக்கே எட்டாதது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

நம் தமிழ்நாட்டில் இந்த நோய் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. 2001-02-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். சந்தோஷம்தான். ஆனால் குறைந்துவிட்டது என்ற பேச்சே, மிச்சம் இருக்கிற பிள்ளைகளை யாரும் கவனிக்காமல் போவதற்கும் காரணமாகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்து, ஒருவர் இருமல் இன்னொருவர் முகத்தில் படுகிற வீடுகள் நம் ஊரில் இல்லாமலா போய்விட்டன?

சாக்குகள் எனக்குத் தெரியும், நானே எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தவள். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் கூலி போகும் என்பீர்கள். போகும். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும் என்பீர்கள். போகும். பஸ் மாறிப் போகவேண்டும். ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் வழிச்செலவு நம்முடையது. எல்லாம் சரி. ஆனால் வால்வு கெட்டபின் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலிலும் திருவனந்தபுரத்திலும் எத்தனை நாள் கூலி போகும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? "அதான் காப்பீட்டுத் திட்டம் இருக்கே, ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று ஒரு தகப்பனார் என்னிடமே சொன்னார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

வால்வு மாற்றுவது சைக்கிள் டயர் மாற்றுவது இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் பல வருஷம் பாடுபட்டு உருவாக்கிய சித்ரா வால்வு 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனாலும் இப்படிப்பட்ட உலோக வால்வு வைத்தவர் சாகும்வரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை தவறினால் வால்வில் ரத்தம் கட்டலாம். அளவு கூடினால் பல் ஈறிலிருந்து மூளை வரை எங்கே வேண்டுமானாலும் கசியும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. 21 நாள் ஊசிக்கு அலுத்துக்கொண்டவர்கள் இதற்கு என்ன செய்வீர்கள்?

இனிச் சொல்லப்போவது பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு. என் கோபத்தில் பாதி உங்கள் மேல்தான்.

பிள்ளை வயதுக்கு வந்ததும் ஊசியை நிறுத்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இதயத்துல ஓட்டைன்னு பேசுவாக. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போறான்னா எவன் கட்டுவான்?" எக்கோ சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்த அம்மாவை எனக்குத் தெரியும். சீட்டை ஒளிக்கலாம். வால்வை எங்கே ஒளிப்பீர்கள்? கல்யாணமாகி பிள்ளை உண்டாகும்போது உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. சுருங்கிய வால்வு வழியாக அத்தனை ரத்தமும் போயாக வேண்டும். போக முடியாதபோது நுரையீரலில் தேங்குகிறது. ஆறு ஏழு மாதத்தில் மூச்சு வாங்கும். "மாசமா இருந்தா அப்படித்தான்" என்பார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜஸ்டின் பால் குழுவினர் 2016 முதல் 2019 வரை இதய நோயோடு பிரசவத்துக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். அந்த நோய்களில் முதலிடம் இந்த ருமாட்டிக் வால்வு நோய்க்கு. பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தங்களுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்திருக்கிறது. செயற்கை வால்வு வைத்திருந்தவர்களில்தான் சாவு அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கக் கூடியது. அதை விட்டால் தாய்க்கு ஆபத்து. அந்த இக்கட்டில் உங்கள் மகள் நிற்க வேண்டுமா? ஒழுங்காக ஊசி போட்டு, வால்வு எப்படி இருக்கிறது என்று பார்த்து, இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சொன்னபடி பிள்ளை பெற்று நன்றாக இருக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள். சொன்னதும் எழுந்து போகிறவன் போகட்டும். அவன் வீட்டில் உங்கள் மகளுக்கு மூச்சு முட்டினால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருந்திருக்காது.

எத்தனை வருஷம் போடவேண்டும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மூட்டோடு நின்று இதயத்தைத் தொடாதவர்களுக்கு 5 வருஷம் அல்லது 18 வயது, எது பிந்தியதோ அது. இதயம் லேசாகப் பாதித்தவர்களுக்கு 10 வருஷம் அல்லது 25 வயது. வால்வு கடுமையாகக் கெட்டவர்களுக்கு 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டியது எக்கோ பார்த்த டாக்டர். நானும் நீங்களும் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை.

பயப்படுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடுமையான ஒவ்வாமை மிக அரிது, ஆனால் வந்தால் உடனே பார்க்க வேண்டும். அதனால் முதல்முறை மட்டுமில்லை, ஒவ்வொரு முறையும் ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ் போனால் போகட்டும். இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் தினசரி மாத்திரையை யோசிக்கலாம் என்று அமெரிக்க இதய சங்கமே 2022-ல் சொல்லியிருக்கிறது. ஒரு தனியார் கிளினிக்கில் "எங்களுக்கு வம்பு வேண்டாம்" என்று என் மகளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே அடுத்த ஊருக்குப் போய்ப் போட்டேன். திருப்பி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்குப் பதில் சில மாதங்களுக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்தி வைக்கும் வழியை ஆஸ்திரேலியாவில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் இடுப்புக்கும் ஒருநாள் அந்த விடுதலை வரலாம். அது வரும்வரை இந்த ஊசிதான்.

இன்னும் இந்தப் பெஞ்சுக்கு வராத பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. சளி, இருமல், மூக்கொழுகலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை, கேட்டு வாங்காதீர்கள். சளியே இல்லாமல், திடீரென்று காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும் வந்து, கழுத்தில் நெறியும் கட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் 10 நாளைக்குப் பென்சிலின் வகை மாத்திரை எழுதினால் 10 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை தெருவில் விளையாடும். மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டு, அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்காதீர்கள்.

இன்னொன்று உண்டு, மூட்டே வீங்காமல் வருவது. பெண்பிள்ளைகளுக்கு அதிகம். கையெழுத்து கோணிப்போகும். சோற்றுத் தட்டைக் கைநழுவ விடுவாள். முகம் தன்னால் வலித்து இழுக்கும், கை கால் சும்மா இருக்காது. டீச்சர் திட்டுவார், அம்மா அடிப்பாள், யாரோ காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டச் சொல்வார்கள். அதுவும் இதே காய்ச்சலின் முகம்தான், மூளையைத் தொட்ட முகம். போன பரீட்சை நோட்டையும் இந்தப் பரீட்சை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் அடிக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வண்டியில் வரும். அவர்கள் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் இந்த இதய நோயும் உண்டு. "இதயத்தில் சத்தம் கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும்" என்று எழுதி ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டு எத்தனை பள்ளிப் பைகளின் அடியில் கசங்கிக் கிடக்கிறதோ. இன்றைக்கு ராத்திரி பையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

சிவப்புச் சட்டைப் பையனின் அம்மாவுக்கு இது. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் மகன் ஊசி போடும்போது அழவே மாட்டான், வெளியே வந்து என் மகளிடம் "எனக்கு வலிக்கலையே" என்பான், சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைப்பான். எங்களுக்கு அடுத்த தேதி வருகிற வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. நீங்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை ஊசி விட்டுப்போயிருந்தாலும் போங்கள், வால்வை மறுபடி பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கிக் கொடுப்பார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று நர்ஸம்மா சத்தம் போட்டால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை வர முடிந்தால் பெஞ்சில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்.